செல் பிரியறதை முதல்ல பாத்தது யாரு?

அக்கா பையனுக்கு அப்ப ஏழு வயசு. ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. அந்த மூணு வருஷக் கதையை இங்க எழுதப் போறதில்லை, பயப்படாதீங்க. ஒரே ஒரு நாளை மட்டும் சொல்லிட்டு விஷயத்துக்கு வந்துடறேன்.

ஜன்னலோரக் கட்டில். தண்ணி மாதிரி நிறமே இல்லாத ஒரு மருந்தை ஊசியில ஏத்திட்டு இருந்தாங்க. பேரு வின்கிறிஸ்டின். "இது நித்யகல்யாணிச் செடியிலேர்ந்து எடுக்கறது சார்"னு நர்ஸம்மா சொன்னாங்க. எங்க வீட்டு வாசல்ல தண்ணி கூட ஊத்தாம வளருமே, அதே செடி. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கிட்ட இது என்ன பண்ணும்னு கேட்டேன். "செல் பிரியறதைப் பாதியில நிறுத்திடும்"னார். எந்தப் பாதியிலன்னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே சீட்டுக்குப் பின்னாடி ஒரு வட்டம் போட்டு, நடுவுல வரிசையா நாலு கோடு, ரெண்டு பக்கமும் குடைக்கம்பி மாதிரி இழைகள்னு வரைஞ்சு, "மெட்டாஃபேஸ். பிளஸ் டூ ரெக்கார்டுல வரைஞ்சிருப்பீங்களே"ன்னார்.

வரைஞ்சிருக்கேன். பத்துக்கு ஒம்பது மார்க் கூட வாங்கியிருக்கேன். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா அதை முதல்ல பாத்தவன் ஒருத்தன் இருந்திருக்கணும், எதைப் பாக்கறோம்னே தெரியாம பாத்திருக்கணும்னு அதுவரைக்கும் தோணினதே இல்லை. ஆஸ்பத்திரியில காத்திருக்கறவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அன்னிக்குத் தேட ஆரம்பிச்சதுதான்.

செல்லுக்கு செல்னு பேர் வெச்சது ராபர்ட் ஹூக், 1665ல. தக்கையைச் சீவி மைக்ராஸ்கோப்புல பாத்தப்ப சின்னச் சின்ன அறைகளா தெரிஞ்சது. இது எல்லாரும் படிச்சதுதான். ஆனா அதுக்கப்புறம் ஏறக்குறைய 170 வருஷம் புதுச் செல் எங்கேருந்து வருதுன்னு தெளிவா யாருக்கும் தெரியாது. 1838ல ஷ்லைடன், 1839ல ஷ்வான் ரெண்டு பேரும் சேர்ந்து எல்லா உயிரும் செல்லால ஆனதுன்னு நிறுவினாங்க. அது சரி. ஆனா புதுச் செல் எப்படி உண்டாகுதுங்கறதுல ரெண்டு பேருமே கோட்டை விட்டாங்க. சர்க்கரைப் பாகுல கல்கண்டு படியற மாதிரி, ஒரு திரவத்துலேருந்து செல் தானா திரண்டு வருதுன்னு நினைச்சாங்க. 1832லயே பெல்ஜியத்துல துமோர்த்தியே பாசியில செல் ரெண்டாப் பிரியறதைப் பாத்து எழுதியிருந்தார். பெரிய பேருங்க சத்தத்துல அது எடுபடலை.

இந்த இடத்துல வர்றவர்தான் ராபர்ட் ரீமாக். இவரைப் பத்தி நம்ம பாடப்புத்தகத்துல ஒரு வரி கூடப் படிச்ச ஞாபகம் இல்லை. 1815ல போஸன் நகரத்துல (இப்ப போலந்துல போஸ்னான்) பிறந்த யூதர். 1841ல கோழிக்கருவோட ரத்தத்தைப் பாத்துட்டு இருந்தப்ப, ஒரு சிவப்பணு இடுப்பு ஒடுங்கி ரெண்டாகறதைக் கவனிச்சார். ஒருதடவை பாத்துட்டு ஊரைக் கூட்டற ஆள் இல்லை அவர். பத்து வருஷத்துக்கு மேல தவளை முட்டை, தசை, கருன்னு மாத்தி மாத்திப் பாத்துட்டு 1852லதான் அடிச்சுச் சொன்னார்: செல் திரவத்துலேருந்து திரளறதில்லை, இருக்கற செல் பிரிஞ்சுதான் புதுச் செல் வருது. நோயில வர்ற கட்டிக்கும் இதேதான்னு அவர் சொன்னதை அந்த ஜன்னலோரக் கட்டில் பக்கத்துல உக்காந்து படிச்சப்ப கொஞ்சம் சிலிர்த்துப் போச்சு.

அப்ப பிரஷ்யாவுல யூதர் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்த முடியாது. ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டா முடியும். நிறையப் பேர் வாங்கிக்கிட்டாங்க. ரீமாக் மாட்டேன்னுட்டார். ராஜாவுக்கே மனு போட்டுப் போராடி, 1847ல பெர்லின் பல்கலைக்கழகத்துல சம்பளமில்லாத விரிவுரையாளர் ஆனார். 1859லதான் துணைப் பேராசிரியர் பதவி வந்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரைக்கும் வரலை. வயித்துப் பிழைப்புக்கு வைத்தியம் பாத்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணி, 1865ல செத்தும் போயிட்டார். அவரோட பேரன், அதே பேர்தான், கணித மேதை. 1942ல ஆஷ்விட்ஸ்ல கொல்லப்பட்டார்.

சரி, "செல்லிலிருந்தே செல்"ங்கற வாசகத்தை யார் பேர்ல படிச்சோம்? ருடால்ஃப் விர்ச்சோவ். 1855ல கட்டுரை, 1858ல புத்தகம். உலகப் புகழ். அதுல ரீமாக் பேருக்கு உரிய இடமே இல்லை. ரீமாக் வருத்தப்பட்டு விர்ச்சோவுக்கே எழுதினார். ஒண்ணும் நடக்கலை. விர்ச்சோவ் கெட்ட மனுஷன் இல்லைங்க. பெர்லினுக்குச் சாக்கடை வசதி வரப் போராடினவர், பிஸ்மார்க்கையே எதிர்த்து நின்னவர். ஆனா இந்த விஷயத்துல பண்ணது தப்புதான். வாசகத்தை அழகாச் சொன்னவனுக்குப் பேர் போச்சு, மாஞ்சு மாஞ்சு பாத்தவனுக்குப் போகலை. (அந்த லத்தீன் வாசகமும் விர்ச்சோவுக்கு முன்னாடியே பிரான்ஸ்ல ரஸ்பாய் பயன்படுத்தினதுதான்!)

ஆக, செல் பிரியுதுன்னு ஆச்சு. உள்ளே என்ன நடக்குது? அது தெரியறதுக்கு ஒரு துணிச்சாயக்காரன் வேண்டியிருந்தது. 1856ல லண்டன்ல வில்லியம் பெர்க்கின்னு ஒரு பதினெட்டு வயசுப் பையன், மலேரியாவுக்குக் கொய்னா தயாரிக்கறேன்னு கிளம்பி, தப்பிப்போய் ஊதா நிறச் சாயம் ஒண்ணைக் கண்டுபிடிச்சான். அதுக்கப்புறம் தார் எண்ணெயிலேருந்து விதவிதமா அனிலின் சாயங்கள் வந்து குவிஞ்சது. ஜெர்மானியத் தொழிற்சாலைகள் புடவைக்கும் கோட்டுக்கும் காய்ச்சின அந்தச் சாயத்தை எடுத்து அங்கத்து டாக்டர்கள் செல்லுக்குப் பூசிப் பாத்தாங்க. செல்லோட பெரும்பகுதி கண்ணாடி மாதிரி. எதுவும் தெரியாது. சாயம் பூசினதும் உட்கருவுக்குள்ள இருந்த ஏதோ ஒண்ணு மட்டும் அதை ஆசை ஆசையாக் குடிச்சு அடர்த்தியா நிறமேறி நின்னுச்சு.

அந்த "ஏதோ ஒண்ணு"க்கு குரோமாட்டின்னு பேர் வெச்சவர் வால்டர் ஃபிளெமிங். குரோமான்னா கிரேக்கத்துல நிறம். 1843ல பிறந்தவர். அப்பா மனநல மருத்துவர், அவர் நடத்தின மனநல விடுதியிலதான் பையன் வளர்ந்தது. 1870-71 பிரான்ஸ் சண்டையில ராணுவ டாக்டர். அப்புறம் கொஞ்ச நாள் பிராக்ல வாத்தியார். 1876ல கீல் நகரத்துக்கு வந்தவர் சாகறவரைக்கும் அங்கேயே இருந்துட்டார்.

அவர் எடுத்துக்கிட்ட பிராணி சாலமாண்டர். பல்லியையும் தவளையையும் கலந்த மாதிரி இருக்கும். அதோட குஞ்சுக்குச் செவுளும் வால் துடுப்பும் மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவும். அதைவிட முக்கியம், அதோட செல்லும் பெருசு, உள்ளே இருக்கற நூலும் தடிமன். நம்ம செல்லை வெச்சு ஆரம்பிச்சிருந்தா மனுஷன் குழம்பியே போயிருப்பார். சரியான பிராணி கிடைச்சதுல பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப அவர் முன்னாடி இருந்த சிக்கலைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாயம் பூசணும்னா செல்லைக் கொல்லணும். கொன்னா அது அந்த நொடியில உறைஞ்சு நிக்கும். ஒரு செல்லுல நூல்கண்டு, இன்னொண்ணுல நடுவுல வரிசை, வேறொண்ணுல ரெண்டு கொத்து. எது முன்னாடி, எது பின்னாடி? உங்களுக்கு நம்ம ஊர்க் கல்யாணத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்குங்க. ஆல்பத்தைப் பிரிச்சுப் போட்டோவைக் கலைச்சுக் கையில கொடுத்து அடுக்கச் சொன்னா எப்படி இருக்கும்? தாலி கட்டினதுக்கு அப்புறம் சாப்பாடா, சாப்பாட்டுக்கு அப்புறம் காசி யாத்திரையா? அந்த நிலைமைதான்.

ஃபிளெமிங் பண்ணது என்னன்னா, உயிரோட இருக்கற சாலமாண்டர் குஞ்சையே மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சு, மங்கலாத் தெரியறதை மணிக்கணக்காப் பாத்தார். அதுல வரிசை தெரிஞ்சது. சாயம் போட்ட செல்லுல விவரம் தெரிஞ்சது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, படம் படமாக் கையால வரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு பொருத்தினார். "நீ பாக்கற நூலெல்லாம் ஆசிட் ஊத்தினதால வந்த கோளாறு"ன்னு யாராவது சொன்னா, உயிரோட இருக்கற செல்லைக் காட்டலாம். முதல்ல நூல்கண்டு. அப்புறம் நூல் தடிச்சுக் குட்டையாகுது. அப்புறம் நட்சத்திரம் மாதிரி நடுவுல கூடுது. அப்புறம் ரெண்டு நட்சத்திரமாகி எதிரெதிர்ப் பக்கம் விலகுது. அங்க மறுபடி கண்டாகி ரெண்டு உட்கரு. முதல்ல இதுக்கு அவர் வெச்ச பேர் "மறைமுகப் பிரிவு". நம்ம தமிழ்ப் புத்தகத்துல மைட்டாசிஸ் பக்கத்துல மறைமுகப் பகுப்புன்னு போட்டிருப்பாங்களே, என்னடா மறைமுகம், யாருக்குத் தெரியாம நடக்குதுன்னு நான் யோசிச்சிருக்கேன். உட்கரு நேரா ரெண்டாக் கிள்ளிக்காம, நூலாகிச் சுத்தி வளைச்சுப் பிரியறதால மறைமுகம். கீல்ல வெச்ச பேரு, நம்ம ஊரு நோட்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. 1882ல வெளிவந்த பெரிய புத்தகத்துல மைட்டாசிஸ்னு மாத்தினார். மைட்டோஸ்னா நூல்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒண்ணை அவர் கவனிச்சார். ஒவ்வொரு நூலும் நீளவாக்குல பிளந்திருக்கு! வாழை நாரைக் கிழிக்கற மாதிரி, நுனியிலேருந்து அடிவரைக்கும். அந்த ரெண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் போகுதுன்னு 1883-84 வாக்குல வான் பெனெடனும் ஹாய்சரும் காட்டினாங்க.

அதனால என்னங்கறீங்களா? இதே கேள்வியை 1883ல வில்ஹெல்ம் ரூன்னு ஒருத்தர் திருப்பிப் போட்டுக் கேட்டார். இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். உட்கரு வெறும் கூழா இருந்தா நடுவுல கிள்ளினாலே போதுமே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டு நூலாக்கி, வரிசையா நிறுத்தி, நீளவாக்குல பிளக்கணும்? அப்படின்னா அந்த நூல் நெடுக வேற வேற சரக்கு வரிசையாக் கோத்திருக்கணும். ஒண்ணு விடாம ரெண்டு பேருக்கும் சமமாப் போகணும்னா நீளவாக்குல பிளக்கறது ஒண்ணுதான் வழி. டிஎன்ஏ, ஜீன் எதுவும் தெரியாத காலத்துல, வெறும் பாகப்பிரிவினை நடக்கற விதத்தைப் பாத்தே சொத்து என்னன்னு ஊகிச்சிருக்கார் மனுஷன். மெண்டல் 1866லயே பட்டாணிக் கணக்கைப் பிரசுரம் பண்ணிட்டார்தான். ஆனா அதை 1900 வரைக்கும் யாரும் சட்டை பண்ணலை. ஃபிளெமிங்குக்கும் தெரியாது.

மத்த பேரெல்லாம் வேகமாச் சொல்லிடறேன். 1884ல ஸ்ட்ராஸ்பர்கர் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ்னு பேர் வெச்சார். இவர் தாவரக்காரர். 1894ல ஹைடன்ஹைன் டீலோஃபேஸைச் சேர்த்தார். நடுவுல 1888ல வால்டேயர் குரோமோசோம்ங்கற பேரைக் கொடுத்தார். நாம மனப்பாடம் பண்ணின லிஸ்ட் ஒரே ஆள் ஒரே நாள்ல எழுதினதில்லைங்கறதுக்காகச் சொன்னேன்.

அடுத்தது ஒரு தமாஷ். மனுஷனுக்கு எத்தனை குரோமோசோம்? 46ன்னு சின்னப் பசங்க கூடச் சொல்லும். ஆனா 1955 வரைக்கும் உலகமே 48னு நம்பிட்டு இருந்தது! டெக்சாஸ்ல பெயின்ட்டர்ங்கறவர் 1920கள்ல எண்ணினார். 46ஆ 48ஆன்னு முதல்ல தடுமாறி, 1923ல 48னு முடிவு பண்ணிட்டார். அதுக்கப்புறம் எண்ணினவங்களுக்கும் 48 கிடைச்சது. வாத்தியார் சொன்ன விடை வர்ற வரைக்கும் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவோமே, அதே கதைதான். 1952ல டி.சி.ஷூங்கறவரோட லேப்ல யாரோ உப்புத் தண்ணியைத் தப்பாக் கலந்து நீர்த்துப் போக வெச்சுட்டாங்க. செல்லெல்லாம் தண்ணி குடிச்சு உப்பி, குரோமோசோம் எல்லாம் பிரமாதமா விலகித் தெரிஞ்சது. அந்தத் தெளிவுலயும் ஷூ 48னே எழுதினார்! கடைசியா 1955 டிசம்பர்ல, ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துல, ஜாவாவுல பிறந்த ஜோ ஹின் சியோ எண்ணினார், 46. போர்க்காலத்துல ஜப்பான்காரங்க முகாம்ல அடைபட்டுக் கிடந்தவர் இவர். லெவானோட சேர்ந்து 1956ல வெளியிட்டார்.

சியோ ரெண்டு தந்திரம் பண்ணார். ஒண்ணு, ஷூவோட அந்த நீர்த்த தண்ணி. இன்னொண்ணு கால்ச்சிசின்னு ஒரு விஷம். அது செல்லுங்களை மெட்டாஃபேஸ்லயே பிடிச்சு நிறுத்திடும். நடுவுல நிக்கற வரிசை நின்னபடியே இருக்கும், சாவகாசமா எண்ணலாம்.

எப்படி நிறுத்துது? ரெண்டு துருவத்துலேருந்தும் வந்து குரோமோசோமைப் பிடிச்சு இழுக்கற கதிர்கோல் இழைகளைக் கரைச்சுடுது. ஆனா அந்த இழைங்க நிஜமாவே இருக்கான்னே ஐம்பது வருஷத்துக்கு மேல சண்டை நடந்திருக்கு. உயிரோட இருக்கற செல்லுல அது கண்ணுக்குத் தெரியாது. கொன்னு சாயம் போட்டாத்தான் தெரியும். அப்ப அது ஆசிட் பண்ணின மாயமா?

இதைத் தீர்த்து வெச்ச கதை ஜப்பான்ல ஆரம்பிக்குது. மிசாகியில ஒரு கடல் உயிரியல் நிலையம். போர்ல கடற்படை அதை எடுத்துக்கிட்டு நீர்மூழ்கித் தளமா மாத்திடுச்சு. 1945ல தோத்த பிறகு அமெரிக்கப் படை வந்துட்டு இருக்கு. அங்கே வேலை பாத்த கட்சுமா டான் கதவுல ஒரு காகிதம் ஒட்டிட்டுப் போனார். இது அறுபது வருஷத்துக்கு மேல நடக்கற ஆராய்ச்சி நிலையம், ஆயுதங்களை நொறுக்கிக்கோங்க, பசங்களுக்கான கருவிகளை விட்டுடுங்க, வேலை முடிஞ்சதும் சொல்லியனுப்புங்க, நாங்க திரும்பி வரணும்னு அர்த்தம் வர்ற மாதிரி. கீழே பேர் கூடப் போடலை. கடைசியாக் கிளம்பறவன்னு மட்டும் எழுதியிருந்தார். நிலையம் பிழைச்சது. பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தது.

அதே டான் 1952ல டேனியல் மேசியாவோட சேர்ந்து, கடல் முள்ளெலி முட்டையிலேருந்து அந்தக் கதிர்கோலை அப்படியே முழுசாப் பிரிச்செடுத்துக் காட்டினார். அவரோட மாணவர் ஷின்யா இனோவே, போருக்கப்புறம் கிடைச்ச தட்டுமுட்டுச் சாமானை வெச்சே ஒரு மைக்ராஸ்கோப் கட்டினார். தாங்கற அடிப்பாகம் கழிச்சுப்போட்ட இயந்திரத் துப்பாக்கியோடது, விளக்குக்குக் கூண்டு ஒரு தேயிலை டப்பா! அந்த வழியிலயே மேல மேல போய், 1953ல முனைவாக்கப்பட்ட ஒளியில, உயிரோட இருக்கற செல்லுக்குள்ள அந்த இழைகளைக் காட்டிட்டார். கால்ச்சிசின் விட்டா அது மங்கி மறையறதையும் பாத்தார். 1967ல போரிசியும் டெய்லரும் அதே கால்ச்சிசின்ல கதிரியக்க அடையாளம் வெச்சு, அது போய் ஒட்டற புரதத்தைப் பிடிச்சாங்க. டியூபுலின். அந்தச் செங்கல்லை அடுக்கித்தான் செல் இந்தக் கயிறைக் கட்டுது. கயிறு வந்து மாட்டாத குரோமோசோம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் செல் அடுத்த கட்டத்துக்குப் போகாம காத்திருக்கும். இந்தக் காவலுக்கான ஜீன்களை 1991ல ஈஸ்ட்ல கண்டுபிடிச்சாங்க. மருந்து கயிறைக் கட்ட விடாது. செல் காத்திருந்து காத்திருந்து கடைசியில செத்துப் போகும்.

வின்கிறிஸ்டின் ஒட்டறதும் அதே டியூபுலின்லதான், வேற இடத்துல. வேகமாப் பிரியற செல்தான் அதிகமா மாட்டும். ரத்தப் புற்று செல் மட்டுமில்ல, முடி வேர்ல இருக்கற செல்லும். பையனுக்கு முடி கொட்டினது அதனாலதான். கால் மரத்துப் போய் பாதத்தை இழுத்து இழுத்து நடந்தானே, நரம்புச் செல் பிரியறதே இல்லையே, அது ஏன்? நரம்பும் அந்த நீளமான வாலுக்குள்ள சரக்கு அனுப்ப இதே டியூபுலின் இழையைத்தான் தண்டவாளமா வெச்சிருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டதால அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்குத்தான், ராத்திரி அவன் காலைப் பிடிச்சு விடறப்ப எதைப் பிடிச்சு விடறோம்னு தெரிஞ்சது.

கால்ச்சிசினை ஐரோப்பால ஒரு குங்குமப்பூ மாதிரிப் பூவோட கிழங்குலேருந்து எடுத்தாங்க. அதே சரக்கு நம்மகிட்டயும் இருக்கு. செங்காந்தள்! தமிழ்நாட்டு மாநிலப் பூ. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்கற பூக்கள்ல முதல் பேர். ஈழத்துல கார்த்திகைப்பூ, நம்ம ஊர்ல கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் கம்பி கட்டிப் பந்தல்ல ஏத்தி, விதைக்காகவே பயிர் பண்றாங்க. விதை போறது கால்ச்சிசின் எடுக்கத்தான். கிழங்கைத் தின்னா உயிர் போயிடும்னு பாட்டிங்க மிரட்டினதுக்குக் காரணமும் இந்தக் கயிறு விவகாரம்தான். வேலியோரத்துல பாத்தா ரசிங்க, பசங்களைத் தொட விடாதீங்க.

பையன் இப்ப பதினொண்ணாவது. முடியெல்லாம் எங்களை விட அடர்த்தியா இருக்கு. போன வாரம் ஸ்கூல்ல வெங்காய வேர் நுனியை நசுக்கி ஸ்லைடு போட்டிருக்காங்க. சாயந்திரம் போன் பண்ணி, "மாமா, எல்லாம் சும்மா உருண்டையா நிக்குது, ஒரு மெட்டாஃபேஸ் கூட மாட்டலை"ன்னான். காலையில வெட்டின வேரா பாத்து எடுக்கச் சொன்னேன். ரெக்கார்டுல என்ன வரைஞ்சேன்னு கேட்டேன். "பக்கத்து பெஞ்சு பொண்ணுக்குக் கிடைச்சுதே, அதைப் பாத்து வரைஞ்சுட்டேன்"னான்.

பேர் போட்டியாடான்னு கேட்டேன். போடலையாம்.